எல்லையில் நின்ற லிக்விட் சரக்கு

லாரி ஓட்டுநர் பழனிசாமி போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மேடமுங்க, வண்டியில என்ன சரக்குன்னு கேட்டாங்க. லிக்விட் சரக்குன்னு சொன்னனுங்க. இப்ப என்னையக் கீழ எறங்கி உக்காரச் சொல்லீட்டாங்க."

எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். கோவிந்தாபுரத்தைத் தாண்டிவிட்டதாகவும், கொல்லங்கோடு போகும் சாலையில் ஒரு தென்னந்தோப்பை ஒட்டிப் பந்தல் போட்டிருப்பதாகவும், ஜீப் ஒன்று நிற்பதாகவும் சொன்னார். யார் நிறுத்தியது என்று கேட்டேன். "சாராயம் புடிக்கறவங்கங்க" என்றார்.

ஓணத்துக்கு நான்கைந்து நாள் இருந்த ஒரு காலை அது. ஓணம் நெருங்கினால் எங்கள் தமிழ்நாடு-கேரள எல்லையில் எரிசாராயம் கடத்துகிறவர்களும் அதைப் பிடிக்கிறவர்களும் ஒரே நேரத்தில் சுறுசுறுப்பாகிவிடுவார்கள். வழக்கமான சாவடிகள் போதாமல் கலால் துறையினர் சாலையோரத்தில் அங்கங்கே பந்தல் போட்டு உட்காருவார்கள். பால் வண்டி, காய்கறி வண்டி, வைக்கோல் வண்டி எதுவும் தட்டிப் பார்க்காமல் போகாது.

அப்படி ஒரு பந்தலுக்கு முன்னால்தான், ஆள் உயரத்தில் பளபளக்கும் இரண்டு எஃகுக் கலன்களோடு எங்கள் லாரி போய் நின்றிருக்கிறது. உள்ளே இருப்பது லிக்விட் என்று ஓட்டுநரே சொல்லியுமிருக்கிறார்.

உள்ளே இருந்தது திரவ ஹீலியம். எங்கள் கல்லூரி ஆய்வு மையத்தில் வந்து இறங்கியிருந்த என்.எம்.ஆர். கருவிக்கு அது இல்லாமல் உயிர் இல்லை.

பெயரில் இருக்கும் அணு

இந்தத் தொடரில் என்.எம்.ஆர். என்று பத்து முறையாவது எழுதிவிட்டீர்கள், அது என்னவென்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்று ஒரு வாசகர் கோபமாகக் கடிதம் போட்டிருக்கிறார். கோபம் நியாயமானது.

தமிழில் அதற்கு அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலைமானி என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் பேருந்து போய்விடும். விஷயம் எளிமையானதுதான். ஒரு பொருளைப் பலமான காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலையால் தட்டினால், அதன் மூலக்கூறில் உள்ள அணுக்கள் தாம் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பதில் சொல்லும். அந்தப் பதில்கள் கணினித் திரையில் கூரான முகடுகளாக வரும். எங்களைப் போன்ற வேதியியல்காரர்கள் அதைப் படித்து மூலக்கூறின் உருவத்தை வரைவோம்.

அந்தக் காந்தம் ஒரு கம்பிச் சுருள். திரவ ஹீலியத்தின் கொடுங்குளிரில் மூழ்கியிருந்தால்தான் அதில் மின்சாரம் தடையில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹீலியம் வற்றினால் காந்தம் போய்விடும்.

இதில் கதிர்வீச்சு கிடையாது. அணுகுண்டுக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. இந்த ஒரு வாக்கியத்தை நான் கொள்முதல் குழுவின் முன்னால் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

காந்தத்தைத் தனியாக வாங்கலாமே

அந்தக் குழுவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். எழுதினால் வேலை போய்விடும். இரண்டு சம்பவங்கள் மட்டும் சொல்கிறேன்.

மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்க வேண்டும் என்பது விதி. நான் கேட்டிருந்த அளவில் கருவி தர முன்வந்தவை இரண்டே நிறுவனங்கள். மூன்றாவது எங்கே என்று கேட்டுக் கோப்பு ஆறு மாதம் திரும்பித் திரும்பி வந்தது. கடைசியில் அலுவலகத்திலேயே யாரோ ஒருவர், நல்லெண்ணத்தோடு, கோயம்புத்தூரில் மோட்டாருக்குச் சுருள் சுற்றித்தருகிற ஒரு பட்டறையிலிருந்து மூன்றாவது விலைப்புள்ளியை வாங்கிவந்து இணைத்துவிட்டார். விலை மிகக் குறைவாக இருந்ததால் அதற்கே ஆணை கொடுக்கலாம் என்று குறிப்பு எழுதப்பட்டது. அந்தக் குறிப்பை ரத்து செய்யவைக்க இன்னொரு மூன்று மாதம்.

இன்னொரு கூட்டத்தில், செலவைக் குறைக்க வழி சொல்கிறேன் என்று ஓர் உறுப்பினர் எழுந்தார். பட்டியலில் காந்தத்துக்குத்தான் விலை அதிகமாக இருக்கிறது, ஆகவே காந்தம் இல்லாமல் கருவியை மட்டும் வெளிநாட்டிலிருந்து வாங்கிவிட்டுக் காந்தத்தை உள்ளூரில் வாங்கிக்கொள்ளலாமே என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் எழுந்து, மாடு இல்லாமல் பால் வாங்குவதைப் போல என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். நாம் தினமும் அப்படித்தானே வாங்குகிறோம் என்றார் அவர். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலை ஏலப்பாறையில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தேயிலையை மூட்டையில் கட்டுவதற்கு முன்னால் அதில் கலந்திருக்கும் இரும்புத் துகளை எடுக்க அங்கே காந்தம் வைத்திருப்பார்கள். அதைத் துடைத்துச் சுத்தம் செய்வது பல வருடம் அப்பாவின் பொறுப்பு. ஆகவே காந்தம் என்றால் தனக்கும் கொஞ்சம் தெரியும் என்பது அவர் எண்ணம். உங்களுடையது எத்தனை ஆணி பிடிக்கும் என்று கேட்டார். அதன் பக்கத்தில் ஆணியே கொண்டுபோகக் கூடாது, இழுத்துக்கொண்டு போய் உடைத்துவிடும் என்றேன்.

"ஆணியப் பிடிக்கக் கூடாத காந்தம் எதுக்கும்மா?" என்றார்.

அந்தக் குழுவில் யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

ஏலப்பாறால்

எனக்கு அது எதற்கு என்பதற்கு, விண்ணப்பத்தில் எழுதிய காரணங்கள் பன்னிரண்டு பக்கம். எழுதாத காரணம் ஒன்று உண்டு.

கம்பம்மெட்டுப் பக்கம் ஏலத்தோட்ட ஓரங்களில் இஞ்சிச் சாதியைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடி களையாக வளரும். யாருக்கும் வேண்டாத செடி. அதன் இலையை மூட்டை மூட்டையாக அள்ளிவந்து, காய்ச்சி, வடித்து, கடைசியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூளைப் பிரித்தெடுத்தேன். இதுவரை யாரும் சொல்லாத புதுச் சேர்மம் என்று தோன்றியது. ஆல்கஹால் வகையைச் சேர்ந்தது. அந்த வகைப் பெயர்கள் 'ஆல்' என்று முடியும். நான் பிறந்த ஊரின் பெயரை முன்னால் வைத்து, ஏலப்பாறால் என்று பெயரிட்டு ஒரு சஞ்சிகையில் வெளியிட்டேன்.

அப்பா அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து, சட்டம் போட்டு, வீட்டு முன்னறையில் சேசுநாதர் படத்துக்குக் கீழே மாட்டினார். கோயிலில் பூசை முடிந்ததும் சாமியாரிடம் சொல்லி அறிவிக்க வைத்தார். ஏலப்பாறைக்காரர்கள் அதை ஒருவகை மருந்து என்று புரிந்துகொண்டார்கள். முழங்கால் வலிக்குக் கேட்டு எனக்கு இரண்டு போன் வந்தது.

ஆறே மாதத்தில் அதே சஞ்சிகையில் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. எழுதியவர் டாக்டர் வரதன். வடக்கே ஒரு பெரிய ஆய்வகத்தில் இருக்கும் மூத்த வேதியியலாளர். மூலக்கூறில் ஆக்சிஜன் நான் சொன்ன கார்பனில் இல்லை, அதற்கு அடுத்த கார்பனில் இருக்கிறது என்று எழுதியிருந்தார். பேருந்தில் பக்கத்து இருக்கை மாதிரி. ஆனால் அந்த இருக்கையில் இருந்தால் அது புதுச் சேர்மமே இல்லை. எப்போதோ வேறொரு செடியில் கண்டுபிடித்து வேறு பெயர் வைத்தாகிவிட்ட பழைய சேர்மம். ஏலப்பாறால் என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

நாகரிகமான குறிப்புதான். அதனால்தான் அதிகமாக எரிந்தது.

அவர் தவறு என்று நிரூபிக்க நல்ல என்.எம்.ஆர். வேண்டும். எங்களிடம் இல்லை. கண்ணாடிக் குழாயில் தூளைக் கரைத்து வெளியூருக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்போம். ஒருமுறை குழாய் உடைந்து வெறும் உறை போய்ச் சேர்ந்தது. இன்னொரு முறை பதில் வந்தது, வேறு யாரோ அனுப்பிய வேப்பெண்ணெய்க்கு. அன்றுதான் நமக்கே நமக்கு ஒரு கருவி வேண்டும் என்று முடிவெடுத்தேன். எட்டு வருடம் கோப்புகளோடு அலைந்ததற்கு, அறிவியல் பாதிக் காரணம். மீதிப் பாதி டாக்டர் வரதன்.

பந்தலுக்குக் கீழே

அந்தக் காலைக்குத் திரும்புகிறேன்.

காந்தம் ஏற்கெனவே வந்து, சுவரை இடித்து உள்ளே ஏற்றி, ஒரு வாரமாகத் திரவ நைட்ரஜனில் குளிர்ந்துகொண்டிருந்தது. பொருத்துவதற்காகப் பெங்களூரிலிருந்து வந்திருந்த பொறியாளர் கிரண் இன்னும் இரண்டே நாள்தான் இருப்பார். அதன் பிறகு அவர் கைக்குக் கிடைக்கப் பல மாதமாகும். ஓண விடுமுறைக்குக் கல்லூரியையும் பூட்டிவிடுவார்கள். திறக்கும்போது ஹீலியம் ஆவியாகி, வெறும் கலன்தான் இருக்கும். திரும்ப வாங்குவதென்றால் திரும்ப அந்தக் குழு.

கிரணையும் என் ஆய்வு மாணவி நூர்ஜஹானையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நூர்ஜஹான் புதுநகரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் ஒருவரின் மகள். அவளுடைய ஆய்வேட்டில் மூன்று அத்தியாயம் இந்தக் கருவிக்காகக் காத்திருந்தது.

பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இன்ஸ்பெக்டர் சுந்தரன் உட்கார்ந்திருந்தார். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். ஆவணங்களைப் புரட்டினார். சந்தேகம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எதையும் நம்பியதாகவும் தெரியவில்லை.

"ஏனுங்க டீச்சர், லிக்விடுன்னு போட்டிருக்குதுங்க. டேங்கு ரெண்டு இருக்குதுங்க. தொட்டாக் கையே போயிரும்னு டிரைவர் சொல்றாருங்க. அப்ப நான் என்னன்னு நெனைக்கட்டுங்க?"

பழனிசாமி தரையில் உட்கார்ந்தபடி, தான் உண்மையைத்தான் சொன்னேன் என்றார்.

நீங்கள் என்ன ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று அடுத்துக் கேட்டார் இன்ஸ்பெக்டர். எட்டு வருடமாகப் பல குழுக்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் என் வாயிலிருந்து தானாக வந்தது. காட்டுச் செடியைக் காய்ச்சி வடித்து ஒரு புது ஆல்கஹால் எடுத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன்.

நூர்ஜஹான் கண்ணை மூடிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

ஆல்கஹால் என்பது வேதியியலில் பெரிய குடும்பம், எல்லாம் குடிக்கிற சமாச்சாரம் அல்ல, சந்தனத்தில்கூட ஓர் ஆல்கஹால் இருக்கிறது என்று பத்து நிமிடம் விளக்கினேன். விளக்க விளக்கக் குற்றவாளி மாதிரிதான் எனக்கே தோன்றியது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திறந்து காட்டுங்கள் என்றார்.

திறந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது. ஹீலியத்துக்கு நிறமில்லை, மணமில்லை. வெளியே வந்தவுடன் காற்றோடு போய்விடும். இதையும் சொன்னேன். ஒன்றும் இல்லாத ஒன்றையா இத்தனை தூரம் லாரியில் கொண்டுவருகிறீர்கள் என்று அவர் கேட்டதில் தப்பில்லை.

குடைக்குள் தீக்குச்சி

கிரண் லாரியில் ஏறி வால்வை மெல்லத் திருகினார். உஸ்ஸென்று சத்தம் வந்தது. குளிரில் காற்றின் ஈரம் உறைந்து, வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழுந்து தோப்புப் பக்கம் போனது. சாலையில் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. எதிரே பெட்டிக்கடை வைத்திருந்த அம்மா கடையை விட்டு இறங்கி, கல்லாவை எடுத்துக்கொண்டு நடந்தார்.

இன்ஸ்பெக்டர் புகைக்குப் பக்கத்தில் போய் மோந்து பார்த்தார். இருபது வருடமாகச் சாராயம் மோந்து பழகிய மூக்கு. மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

"வாசமே இல்லீங்க" என்றார். குரலில் லேசான ஏமாற்றம் இருந்தது.

அடுத்தது பற்றவைத்துப் பார்ப்பது. எரிந்தால் ஸ்பிரிட். ஆனால் பாலக்காட்டுக் கணவாயில் அந்த மாதத்தில் அடிக்கிற காற்றில் எந்தத் தீக்குச்சியும் எரியாது. முதல் குச்சி உரசும்போதே அணைந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்கு ஒரு காவலர் குடை பிடித்தார். குடை திரும்பிக்கொண்டது. கடைசியில் இன்னொரு குடையும், என் சேலை முந்தானையும், ஒரு அட்டைப்பெட்டியும் சேர்ந்து நான்கு பேர் வட்டமாக நின்று ஒரு தீக்குச்சியைக் காப்பாற்றினோம். அதை நீட்டிப் பிடித்துப் புகைக்குள் கொண்டுபோனார் இன்ஸ்பெக்டர். சட்டென்று அணைந்துவிட்டது.

அணைத்தது காற்றா, ஹீலியமா என்று தெரியவேண்டும் அல்லவா. அவரே இன்னும் இரண்டு முறை செய்து பார்த்தார். புகைக்கு வெளியே எரிகிறது, உள்ளே போனால் அணைகிறது. எனக்கு அந்த மனிதர்மேல் மதிப்பு வந்தது அப்போதுதான். என் துறையில் பலபேர் ஒருமுறை பார்த்ததோடு கட்டுரை எழுதிவிடுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

ஸ்பிரிட் இல்லை என்று ஒத்துக்கொண்டார். ஆனால் வண்டியை நிறுத்தியது பதிவாகிவிட்டது. நிறுத்தினால் மாதிரி எடுக்க வேண்டும். ஒரு கண்ணாடிப் பாட்டிலை நீட்டி, இதில் கொஞ்சம் பிடித்து மூடித் தாருங்கள் என்றார். மூடினால் உள்ளே ஆவி பெருகிப் பாட்டில் வெடித்துவிடும் என்றார் கிரண். மூடாவிட்டால் மாதிரி போய்விடும்.

நூர்ஜஹான்தான் சாலையைக் கடந்து, ஆளில்லாத பெட்டிக்கடையில் பணத்தை வைத்துவிட்டு, ஒரு பாக்கெட் பலூன் எடுத்துவந்தாள்.

மஞ்சள் நிற மாதிரி

அரசாங்க முத்திரை வைத்த பலூனை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன்.

கிரண் ஒரு நீளமான குழாய் வழியாக ஹீலியத்தைப் பிடித்து முதல் பலூனை நிரப்பினார். காவலர் மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி முடிச்சின்மேல் வைத்தார். பலூன் வெடித்தது. சாலையில் நின்றவர்கள் இன்னும் பத்தடி பின்னால் போனார்கள். இரண்டாவது பலூனுக்கு நீளமாக நூல் கட்டி, நூலின் கீழ்நுனியில் அட்டை கட்டி, அட்டையின்மேல் அரக்கு வைத்தார்கள். அது நின்றது.

படிவத்தில் எடை என்று ஓர் இடம் இருந்தது. பெட்டிக்கடைத் தராசில் பலூன் நிற்கவில்லை. ஒரு எடைக்கல்லோடு கட்டி வைத்தபோது கல்லின் எடை குறைந்தது. காவலர் இரண்டு முறை கணக்குப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் கழித்தல் குறி போட்டு எடையை எழுதினார். கைப்பற்றப்பட்ட பொருளின் எடை பூஜ்யத்துக்கும் கீழே என்ற அந்தக் காகிதத்தில் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் கையெழுத்திட்ட ஆவணங்களில் அறிவியல்படி மிகச் சரியானது அதுதான்.

பலூனை ஜீப்பின் கண்ணாடியில் கட்டினார்கள். அப்போதுதான் தூரத்தில் சைரன் கேட்டது.

புகையைப் பார்த்துவிட்டு யாரோ தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்திருக்கிறார்கள். லாரியில் அணு கசிகிறது என்று தகவல். வண்டி வந்து நின்ற வேகத்தில் இரண்டு பேர் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். கலனின் கழுத்திலிருந்து இன்னும் லேசாக வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. அதற்கு நேராகக் குழாயைப் பிடித்தார்கள்.

இதுவரை எழுதியது எல்லாம் சிரிப்பு. இது சிரிப்பு இல்லை. அந்தக் கழுத்தில் தண்ணீர் பட்டால் அடுத்த நொடி பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். உள்ளே ஆவியாகிக்கொண்டே இருக்கும் ஹீலியத்துக்கு வெளியே வர வழி இருக்காது. அதற்கப்புறம் என்ன ஆகும் என்று பாடத்தில் நடத்தியிருக்கிறேன். பழனிசாமி லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நூர்ஜஹான் பின்பக்கம் நின்றாள்.

நான் எப்படி ஏறினேன் என்று தெரியாது. லாரியின் பின்தட்டில் ஏறி, கலனுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். குழாயைப் பிடித்திருந்தவர் தயங்கித் தன் அதிகாரியைப் பார்த்தார்.

அதிகாரி கீழே நின்று, தண்ணீர் வேண்டாமென்றால் வேறு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யாம நின்னாப் போதும் சார்" என்றேன்.

"ஒண்ணும் செய்யலன்னு ரிப்போர்ட்ல எழுத முடியாதுங்க டீச்சர்" என்றார் அவர். உண்மையிலேயே வருத்தமாகச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் சுந்தரன்தான் வழி கண்டுபிடித்தார். தீயணைப்பு வண்டி பாதுகாப்புக்காக முன்னால் போகட்டும், அவருடைய ஜீப் பின்னால் வரும், சரக்கைக் கல்லூரியில் ஒப்படைத்துவிட்டு இரண்டு பேரும் அதை எழுதிக்கொள்ளலாம் என்றார்.

இப்படித்தான் எங்கள் ஹீலியம் சைரன் ஒலிக்க, முன்னால் தீயணைப்பு வண்டியும் பின்னால் பலூன் கட்டிய ஜீப்புமாகக் கல்லூரிக்குள் நுழைந்தது. அமைச்சர் யாரோ சொல்லாமல் வந்துவிட்டார் என்று நினைத்து முதல்வர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டே வாசலுக்கு ஓடிவந்தார். ஒரு மாதம் கழித்து ஆய்வகத்திலிருந்து அந்த மாதிரியின் முடிவு வந்ததாக இன்ஸ்பெக்டர் போனில் சொன்னார். பெறப்பட்டது சுருங்கிய பலூன் ஒன்று, ஆல்கஹால் இல்லை, வேறு எதுவும் இல்லை.

திரையில் ஒரு புள்ளி

திறந்து காட்டியதிலும் வெயிலில் நின்றதிலும் ஒரு கலனில் நிறையவே குறைந்திருந்தது. கிரண் அன்று மத்தியானமே ஊற்ற ஆரம்பித்தார். அளவுமுள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நானும் நூர்ஜஹானும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது கலன் காலியானபோது முள் குறைந்தபட்சக் கோட்டைத் தொட்டு, அதற்கு மேல் ஒரு நூலளவு போய் நின்றது. கிரண் திரும்பிப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

மறுநாள் மின்சாரம் ஏற்றியதும் காந்தம் உயிர்பெற்றது. சோதனைகள் முடிந்ததும், ஊருக்குக் கிளம்ப நேரம் இருக்கிறது, உங்களுடைய குழாய் ஒன்றைப் போடலாம் என்றார். எதைப் போடுவது என்று நான் யோசிக்கவில்லை. எட்டு வருடமாகப் பெட்டியில் குளிர்ந்துகொண்டிருந்த குழாயை நூர்ஜஹான் எடுத்துவந்தாள்.

நான்கு மணி நேரம் ஓடியது. இந்த வகைச் சோதனையில் முகடுகளுக்குப் பதிலாக, கோலத்துக்கு வைப்பதைப் போலத் திரையில் புள்ளி புள்ளியாக வரும். ஒரு புள்ளி எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. நான் சொன்ன இடத்தில் விழுந்தால் ஏலப்பாறால்.

பக்கத்து இடத்தில் விழுந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தேகத்துக்கே இடமில்லாத, அழகான, உருண்டையான புள்ளி. எட்டு வருடம் அலைந்து, சுவரை இடித்து, லாரிமேல் ஏறி நின்று கொண்டுவந்த கருவி, நன்றாக வேலை செய்தது. நான்தான் தவறு.

நூர்ஜஹான் கையிலிருந்த குறிப்பேட்டை மூடினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர், எனக்கு ரெண்டு வருஷமாவே ஒரு சம்சயம் இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்க மெஷின் வாங்கற வேகத்துல இருந்தீங்க. சொன்னா மெஷின் வராதுன்னு பயந்துட்டேன்."

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கிரண் பயந்துபோய், கருவியில் ஏதாவது குறையா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, பயனாளருக்கு முழுத் திருப்தி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன்.

ஓணத்துக்கு ஏலப்பாறை போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் அந்தச் சட்டம் போட்ட பக்கத்தையே பார்த்தார்.

"அப்ப அப்படி ஒண்ணு இல்லவே இல்லையா?"

"இல்லப்பா."

"சரி. ஆனா படத்த எடுத்துராதம்மா. பின்னால செவுத்துல ஓட்ட இருக்கு."

அளவுகோல்

விடுமுறை முடிந்ததும் சஞ்சிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். டாக்டர் வரதனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது முறை என்று போன் போட்டேன். இத்தனை வருடத்தில் அவர் குரலைக் கேட்டதில்லை. பேசத் தொடங்கியதுமே பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர் என்று தெரிந்துவிட்டது. எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் பிறந்த மனிதரோடுதான் நான் எட்டு வருடம் மனசுக்குள் சண்டை போட்டிருக்கிறேன்.

நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். வெற்றி பெற்ற மாதிரி எதுவும் பேசவில்லை. எந்தக் கருவியில் பார்த்து என் தவறைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"கருவியா? உங்க கட்டுரையில கிராஃப் போட்டிருந்தேளே. அதை ஸ்கேல் வெச்சு அளந்தேன். ஒரு இடம் சரியா வரலை."

மேசைமேல் கிடந்த அளவுகோலை எடுத்து இழுப்பறையில் போட்டேன்.

கொஞ்சம் தயங்கிவிட்டு அவரே கேட்டார். "உங்களோட மெஷின் இப்போ நன்னா ஓடறதோ? எங்களோடது போன வருஷமே படுத்துண்டுடுத்து. ஹீலியம் வாங்க ஃபைல் சுத்திண்டே இருக்கு."

ஒரு வாரத்தில் ஒரு பிஸ்கட் டப்பா வந்தது. பஞ்சில் பொதிந்த ஆறு கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றுக்கும் இன்னதாக இருக்கும் என்று பென்சிலால் வரைந்த ஆறு படங்கள். ஒன்றேனும் தவறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த டப்பாவை மூன்று வாரம் தொடவில்லை. ஏன் என்று நூர்ஜஹான் கேட்கவில்லை. நான்காவது வாரம் ஒரு திங்கட்கிழமை ஆறையும் வரிசையாக ஓட்டினேன்.

ஆறும் சரி.

முடிவுகளை அன்றே அனுப்பிவைத்தேன். நன்றி என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. அந்த மனிதரை எனக்கு இன்னும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் அவருடைய டப்பா வந்தால், வரிசையில் யார் இருந்தாலும், முதலில் அதைத்தான் போடுகிறேன்.